நவம்பர் மானும் ஜனவரி மானும்: வெள்ளைவால் மானின் இணைசேரும் பருவம் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் வெள்ளைவால் மான் நவம்பரில் இணைசேர்ந்து ஜூனில் குட்டி ஈனும் என்றே பலரும் எழுதுகிறார்கள். அது வடக்கு மாநிலங்களின் கணக்கு. பென்சில்வேனியாவில் சரியாக இருக்கும். அலபாமாவின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது. தெற்கு ஃபுளோரிடாவில் முற்றிலும் தவறு. சினைக்காலம் எங்கும் ஏறத்தாழ 200 நாள்தான். இணைசேரும் நாள் தள்ளிப்போனால் குட்டி பிறக்கும் நாளும் அதே அளவு தள்ளிப்போகும்.

முதலில் வடக்கு. பென்சில்வேனியா, மிச்சிகன் மான்கள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் சினைப்படுகின்றன. பகல் குறையக் குறைய உடலில் மெலட்டோனின் என்ற, இருளில் சுரக்கும் ஹார்மோன் சுரக்கும் நேரம் நீள்கிறது. இனப்பெருக்கச் சுரப்புகள் விழித்துக்கொள்கின்றன. குளிர் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக வரும், பகலின் நீளம் மாறாது. அதனால், குளிர் பிந்தினால் பருவமும் பிந்தும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. குளிர்ந்த நாளில் ஆண்மான் பகலில் கூடுதலாக நடமாடும், அவ்வளவுதான். முழுநிலவைக் காரணம் காட்டுவதும் அதே ரகம். இறந்த பெண்மான்களின் கருவை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வாரங்கள்தான் வருகின்றன.

வடக்கில் இந்தக் கெடுபிடிக்குக் காரணம் பனி. ஏப்ரல் தொடக்கத்தில் பிறக்கும் குட்டிக்குக் குளிர் எமன். தாய்க்கும் பசும்புல் இருக்காது. ஆகஸ்ட் இறுதியில் பிறந்தாலோ, உடல் தேறுவதற்குள் அடுத்த பனிக்காலம் வந்துவிடும். மே இறுதியும் ஜூன் தொடக்கமும்தான் பிழைக்கும் வழி. எல்லாக் குட்டிகளும் ஒரே சமயத்தில் பிறப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: கரடியும் கயோட்டி ஓநாயும் எவ்வளவு தின்றாலும் மீதி தப்பிக்கும்.

தெற்கு ஃபுளோரிடாவில் பனி இல்லை, வெள்ளம் உண்டு. எவர்கிளேட்ஸ் சதுப்பில் மான்கள் கோடையிலேயே, ஜூலை, ஆகஸ்டில் இணைசேர்கின்றன. குட்டிகள் பிப்ரவரியை ஒட்டி, தரை காய்ந்திருக்கும்போது பிறந்து, மழைக்கு முன் கால் ஊன்றிவிடுகின்றன. அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையிலோ ஜனவரி, பிப்ரவரியில்தான் பருவம். டெக்சாஸிலும் வளைகுடாக் கரையோரம் செப்டம்பர் இறுதி, தென்கோடிச் சமவெளி டிசம்பர்.

இவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது அலபாமாதான். அங்கே பெரும்பகுதியில் உச்சம் ஜனவரி. ஆனால் வடக்கே பேங்க்ஹெட் காட்டில் நவம்பர். வேட்டையால் மாநிலத்தில் மான்கள் பெரும்பாலும் அழிந்துபோனபின், 1920களில் மிச்சிகனிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டார்கள். மற்ற பல இடங்களுக்கு அலபாமாவின் தென்மேற்கு மான்களையே கொண்டுபோனார்கள். தலைமுறைகள் கடந்தும் மூதாதையரின் காலக்கணக்கு அழியவில்லை. ஒளி எங்கும் ஒளிதான். அதற்கு எப்போது இசைவது என்பது மரபணுவிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வேறுபாடு வேட்டைக்காரருக்கு மட்டும் உரியதன்று. பிறந்த குட்டி முதல் சில வாரங்கள் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். அறுவடை இயந்திரம் வந்தாலும் எழுந்து ஓடாது. பென்சில்வேனியாவில் வைக்கோல்புல் அறுப்பவர் ஜூனில் வயலை நடந்து பார்க்க வேண்டும். அலபாமாவின் ஜனவரிப் பகுதியில் அந்தக் கவனம் ஆகஸ்டில் தேவை. அங்கே அக்டோபரில் புள்ளி மாறாத குட்டி தனியே நின்றால், அநாதை என்று எண்ணித் தூக்கிச் செல்லக்கூடாது; அதன் தாய் பெரும்பாலும் அருகிலேயே மேய்ந்துகொண்டிருக்கும்.