கவுன்சில் "குடும்ப ஏற்பாடு" என்று தாள் நீட்டினால் அன்றிரவே கையெழுத்துப் போடாதீர்கள்

இங்கிலாந்தில் பேரப்பிள்ளைகளையோ கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளையோ கவுன்சில் (உள்ளூராட்சி சபை) கேட்டு எடுத்து வளர்க்கிறவர்கள் இதைத் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கவுன்சிலின் சோஷல் வொர்க்கர் போன் எடுத்தார். தங்கச்சியை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் ஆபீஸில் இருக்கிறார்கள், இன்றிரவு நீங்கள் எடுப்பீர்களா, இல்லாவிட்டால் தெரியாத குடும்பத்தில்தான் விட வேண்டும், இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விடுவோம் என்று சொல்ல முடியாது என்றார். எந்தப் பெரியம்மா மாட்டேன் என்பாள்?

ஏழரை மணிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். உடுப்பெல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பைக்குள். பெரியவளுக்கு ஒன்பது வயது. தம்பியின் ஆஸ்துமா பம்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். பைக்குள் போட்டால் தொலைந்துவிடும் என்று பயம். சோறு போட்டுக் கொடுத்தேன். வலது கையால் சாப்பிட்டாள், இடது கையில் பம்ப் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் சோஷல் வொர்க்கர் ஒரு தாளை நீட்டினார். "பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற பதிவுக்குத்தான்" என்றார். போட்டுவிட்டேன். காசைப் பற்றித் திங்கட்கிழமை பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனையோ திங்கட்கிழமை போனது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதனால் என் வேலை நேரம் பாதியானது. எங்கள் மகன் தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹோலில் படுத்தான். கவுன்சில் தந்தது ஒரு கட்டிலும், ஒரே ஒரு தடவை சாப்பாட்டுக் கூப்பனும். மூன்றாம் மாதம் மின்னஞ்சல் போட்டேன். இது நீங்கள் குடும்பத்துக்குள் செய்துகொண்ட தனிப்பட்ட ஏற்பாடு, ஆகவே வளர்ப்புப் பெற்றோருக்கான (ஃபோஸ்டர் கேரர்) கொடுப்பனவு உங்களுக்குக் கிடையாது, பிள்ளைகளுக்கென்று அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் காசை எடுங்கள் என்று நாலு வரியில் பதில் வந்தது. அன்றிரவு கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுத்தேன். தனிப்பட்ட ஏற்பாடு என்ற அதே வரி அதிலும் இருந்தது.

எனக்கு அதற்கு மேலே கேட்க வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னால், "எங்கட பிள்ளையளை வளர்க்கக் கவுன்சிலிட்டக் காசு கேக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் இப்படி நினைத்துப் பேசாமல் இருப்போம் என்பது கவுன்சிலுக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அது பிள்ளைகளுக்கு வர வேண்டிய காசு. நாங்கள் ரோஷப்பட்டதில் குறைந்தது அவர்களின் சப்பாத்தும் குளிருக்கான ஜக்கெற்றும்தான்.

ஃபேமிலி ரைட்ஸ் குரூப் என்ற அமைப்பின் இலவச ஆலோசனைத் தொலைபேசியில் பேசிய பிறகுதான் விஷயம் விளங்கியது. 1989ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, பார்க்க ஆள் இல்லாத பிள்ளைக்குத் தங்க இடம் கொடுப்பது கவுன்சிலின் கடமை. தாய் தகப்பன் தாங்களாகவே சொந்தக்காரரிடம் பிள்ளையை விட்டால் அது தனிப்பட்ட ஏற்பாடு, சரி. ஆனால் கவுன்சிலே போன் எடுத்து, கவுன்சிலே காரில் கொண்டுவந்து விட்டால்? 2007இல் லண்டனின் சதர்க் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பிள்ளையை ஒப்படைப்பதில் கவுன்சில் பெரிய பங்கெடுத்தால் அது தன் கடமையைச் செய்ததாகவே பார்க்கப்படும். தனிப்பட்ட ஏற்பாடு என்று பிறகு சொல்ல வேண்டுமானால், செலவுக்குத் தாய் தகப்பனைத்தான் கேட்க வேண்டும் என்பதை எடுக்கிறவருக்கு அப்போதே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. தங்கச்சியோ ஆஸ்பத்திரிக் கட்டிலில், யாரோடும் எதுவும் பேசித் தீர்மானிக்கும் நிலையிலேயே இல்லை.

20ஆம் பிரிவு என்று ஏற்றுக்கொண்டிருந்தால் எங்களைத் தற்காலிக வளர்ப்புப் பெற்றோராக அனுமதித்து, 16 வாரத்துக்குள் வீட்டுக்கு வந்து முழு மதிப்பீடு செய்து, மற்ற வளர்ப்புப் பெற்றோருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவை எங்களுக்கும் தந்திருக்க வேண்டும். சொந்தம் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

முறைப்பாடு செய்தேன். முதலில் அதைக் குப்பை எடுக்கவில்லை, வீதி விளக்கு எரியவில்லை என்ற வகைச் சாதாரண முறைப்பாட்டோடு சேர்த்துவிட்டார்கள். இங்கே கவனம். சிறுவர் சேவைக்கென்று சட்டப்படி மூன்று கட்ட முறை தனியாக இருக்கிறது, அதில்தான் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். முதல் கட்டத்துக்கு 10 வேலை நாள், கூடினால் 20. பதில் சரியில்லை என்றால் இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம். அங்கே கவுன்சிலைச் சேராத ஒருவரும் விசாரணையில் இருப்பார். அதற்கு 25 வேலை நாள், 65 வரை நீட்டலாம். எங்களுக்கு இந்த நாட்கணக்கு எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் போன் எடுத்து ஞாபகப்படுத்தினேன், ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் முதலிலிருந்து கதை கேட்டார்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்த வெள்ளிக்கிழமையின் போன் பதிவு. கவுன்சில் நம்பரிலிருந்து எனக்கு வந்த மூன்று அழைப்பும், "இன்னும் 20 நிமிடத்தில் பிள்ளைகளோடு வருகிறோம்" என்ற மெசேஜும் போனில் அழியாமல் இருந்தன. விசாரணை செய்தவர் அவற்றைப் பார்த்துவிட்டு, இது ஆரம்பத்திலிருந்தே கவுன்சில் செய்த ஏற்பாடுதான் என்று எழுதினார். நான் எடுத்த சைல்ட் பெனிஃபிட்டைக் கழித்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே கணக்குப் பார்த்துத் தந்தார்கள். அதற்குள் பதினாறு மாதம் போய்விட்டது. கடன் அட்டை வட்டியை யாரும் திருப்பித் தரவில்லை.

அந்த மூன்று கட்டத்திலும் தீராவிட்டால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவு இல்லை. ஆனால் பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும் என்பது பொதுவான விதி. கவுன்சில்கள் இந்த விஷயத்தில் செய்யும் பிழைகளைப் பற்றி ஒம்புட்ஸ்மன் 2013இலேயே ஒரு அறிக்கை போட்டிருக்கிறார். அத்தனை வருடம் கழித்தும் என்னிடம் கவுன்சில்காரர் அதே கதையைச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆகவே கவுன்சிலிலிருந்து போன் வந்தால் பிள்ளையை எடுங்கள், ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எடுங்கள்: "இது 20ஆம் பிரிவா, இல்லையா?" பதிலை மெசேஜிலாவது எழுத்தில் வாங்குங்கள். தாள் தந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லுங்கள்.  நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் அங்கே விசாரியுங்கள்.

இப்போது ஸ்பெஷல் கார்டியன்ஷிப் (பிள்ளைகளின் பாதுகாவலராக எங்களை ஆக்கும் நீதிமன்ற உத்தரவு) எடுங்கள், சோஷல் வொர்க்கர் தொல்லை இருக்காது என்று கவுன்சிலில் நெருக்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உத்தரவு வந்ததும் வளர்ப்புக் கொடுப்பனவு நின்றுவிடும். அதற்குப் பதிலாக வரும் காசு கட்டாயமில்லை, எங்கள் வருமானத்தைப் பார்த்து வருடா வருடம் திருப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். எவ்வளவு, எந்த வயது வரைக்கும், எப்படிக் கணக்குப் பார்ப்பீர்கள் என்று உதவித் திட்டத்தில் எழுதித் தாருங்கள் என்றேன். போன கிழமை அனுப்பிய மூன்றாவது வரைவிலும் வயதைப் பற்றிய வரி இல்லை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.