அம்மா கையில் ஆக்ஸிமீட்டர்: ரெண்டு மாசம் வச்சுப் பார்த்ததில்

கோயமுத்தூர் கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன். ரெண்டு லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு டிரில்லிங். முக்கால்வாசி பம்ப் ஷாஃப்ட் வேலை. அளவுதான் எனக்குச் சோறு போடுது. வெர்னியரோ மைக்ரோமீட்டரோ, எதை வாங்கினாலும் ஜீரோ எரர் பார்க்காம, அதாவது எதுவும் அளக்காதப்ப சரியா பூஜ்யம் காட்டுதான்னு பார்க்காம, பெஞ்சுல வைக்க மாட்டேன். அந்தப் புத்தியோடதான், விரல்ல மாட்டினா ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு காட்டற இந்த ஆக்ஸிமீட்டரைப் பத்தியும் எழுதுறேன். டாக்டர் சொன்னதை டாக்டர் சொன்னதாவே சொல்றேன், மீதி என் அனுபவம்.

வாங்கினது 2021 மே கடைசி வாரம், கொரோனா ரெண்டாவது அலையில. கோயமுத்தூர்ல ஒரு நாளைக்கு 4,000 கேஸுக்கு மேல வந்து, சென்னையையே தாண்டி நாங்க முதலிடம் பிடிச்ச வாரம். வீட்டுல என் சம்சாரத்துக்குப் பாசிட்டிவ். மூணு மெடிக்கல் ஏறி இறங்கினேன். நாலாவது கடையில ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. 2,400 ரூபாய். பில் கேட்டதுக்கு, "பில்லு போட்டா கட்டுப்படியாகாதுங்க, வேணும்னா எடுத்துக்குங்க"ன்னாங்க. பேரம் பேசுற நேரமா அது? வாங்கிட்டு வந்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அதே கடையில அதே பெட்டி 950 ரூபாய், பில்லோட. அந்த ஜூன்ல ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு. ஜூலை 20ல இருந்து வியாபாரிங்க வைக்கிற லாபத்துக்கு 70 சதவீதம்னு மத்திய அரசு அப்ப உச்சவரம்பு போட்டுச்சு. லாபத்துக்கே 70 சதவீதம்தான் கட்டுப்பாடுன்னா, அதுக்கு முன்னாடி எவ்வளவு வச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.  கம்பெனி பேரை எழுதலை, குறை சொல்லப் போறேன், வம்பு எதுக்கு.

சாமான் எப்படின்னா, துணி காயப்போடுற கிளிப் மாதிரி. உள்ளே ஒரு பக்கம் ரெண்டு விளக்கு, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சார். ஒரு விளக்கு சிவப்பு, 660 நானோமீட்டர். இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940. ஆக்ஸிஜன் ஏத்தின ரத்தமும் ஏத்தாத ரத்தமும் இந்த ரெண்டு வெளிச்சத்தையும் வேற வேற அளவுல குடிக்குது. அந்த விகிதத்தை வச்சுக் கணக்குப் போட்டு நம்பர் காட்டுது. இதுக்கு அடிப்படை போட்டவர் ஜப்பான்காரர், தகுவோ அவோயாகி. வேற ஏதோ அளக்கப் போனவருக்கு நாடித்துடிப்பு வந்து வந்து கிராஃபைக் கெடுத்திருக்கு. அந்தத் தொந்தரவையே பிடிச்சு அளவா மாத்திட்டார், 1974ல. மனுஷன் 2020 ஏப்ரல்ல போய்ச் சேர்ந்தார். வீட்டுக்கு வீடு அவர் சாமானைத் தேட ஆரம்பிச்ச நேரம். எங்க தொழில்ல இருந்திருந்தா பெஞ்சுக்கு மேல படம் மாட்டி வச்சிருப்பேன்.

இப்ப அந்த ராத்திரி. அவளுக்கு அஞ்சாவது நாள். காலையில, மத்தியானம், ராத்திரின்னு நோட்டுல எழுதிட்டு வந்தேன். 97, 96, 97. மாஸ்க் போட்டுட்டு வாசப்படியில நின்னே நம்பர் கேட்டு எழுதுவேன். அன்னைக்கு ராத்திரி பதினொண்ணரைக்கு, "ஏனுங்க, 91 காட்டுது"ன்னா. எனக்குக் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆயிருச்சு. 94க்குக் கீழே போனா சும்மா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். போன் போட்டேன், நல்ல மனுஷன், எடுத்தார். முதல்ல அவர் கேட்டது, "மூச்சு வாங்குதா? பேச முடியுதா?" முடியுது. அடுத்தது, "கை சில்லுன்னு இருக்கா?" இருந்துச்சு. மழைக்காத்து, ஜன்னலெல்லாம் தொறந்து கிடக்கு. "ரெண்டு கையையும் நல்லாத் தேய்ச்சு சூடு பண்ணி, அஞ்சு நிமிஷம் அசையாம உட்கார்ந்து, வேற விரல்ல போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நம்பர் ஓடிட்டே இருக்கும், நின்ன பிறகு எழுதுங்க. அப்பவும் குறைவா இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

96.

தூக்கம் எங்க வரும்? பெட்டிக்குள்ள இருந்த காகிதத்தை விரிச்சேன். பாதி சீனம், பாதி இங்கிலீஷ். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்தான்: 70ல இருந்து 100 வரைக்கும், கூட்டல் கழித்தல் 2. அதாவது 95 காட்டினா நிஜம் 93ஆவும் இருக்கலாம், 97ஆவும் இருக்கலாம். இதை முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போட வேண்டாமா? 25 மில்லி ஷாஃப்ட்டுக்கு 2 சதவீதம் டாலரன்ஸ், அதாவது அவ்வளவு ஏற இறங்க இருக்கலாம்னு நான் டிராயிங்ல எழுதினா, பார்ட்டி ஜாப்பைத் தூக்கி என் மூஞ்சியிலயே எறிவான்.

ஆனா திட்டி முடிச்ச பிறகு யோசிச்சேன். துல்லியம் இல்லாத அளவுக் கருவி, எங்க பாஷையில கேஜ், அதுவும் வேலைக்கு ஆகும், ஒரே கேஜை, ஒரே ஆள், ஒரே மாதிரி பிடிச்சா. நேத்து 97, இன்னைக்கு 96ங்கறது ஒண்ணுமில்ல. 97, 95, 93ன்னு வரிசையா இறங்குனா அது பேசுது. அதனாலதான் அந்த நோட்டு. இன்னொண்ணும் டாக்டர் சொன்னார்: உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துட்டு, ஆறு நிமிஷம் ரூமுக்குள்ள நடந்துட்டு மறுபடி பாருங்க, 3 பாயிண்ட் இறங்கினாலே எனக்குப் போன் பண்ணுங்கன்னு. மூச்சு வாங்கறவங்க நடக்கக் கூடாது, அதையும் சொன்னார். அவ பதினேழு நாள்ல தேறி எந்திரிச்சா. இந்தக் கிளிப்புக்கு அதுல பங்கு இருக்கு, மறுக்க மாட்டேன்.

ஜூலை 5ல பஸ் ஓட ஆரம்பிச்சுது, டீக்கடையில நின்னு குடிக்கலாம்னாங்க, கோயில் நடை தொறந்தாங்க. பட்டறையும் பழையபடி ஓடுது. அங்கிருந்துதான் இந்தச் சாமானோட ரெண்டாவது கதை.

அம்மாவுக்கு 74. ஊரு தொறந்ததும் அவங்க பயமும் தொறந்துருச்சு. சாயந்தரம் நான் வண்டியை நிறுத்தறதுக்குள்ள கேட்டுல நிப்பாங்க, கையில ஆக்ஸிமீட்டர். "கண்ணு, விரலைக் குடு." நம்பர் 98 வந்தாத்தான் செருப்பைக் கழட்டலாம். பால்காரருக்கும் ஒரு நாள் மாட்டி விட்டாங்க. அவரு சிரிச்சுட்டே விரலை நீட்டி, "பாஸாயிட்டனுங்களா அம்மா?"ங்கறாரு. மாமன் மகன் திருப்பூர்ல இருந்து பஸ்ல வந்து இறங்கினான். 99. மாஸ்க்கைக் கழட்டிட்டு அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து வடை தின்னான். ரெண்டு நாள் கழிச்சு ஊர்ல இருந்து போன்: காய்ச்சல். நல்லவேளை, டெஸ்ட்ல ஒண்ணுமில்ல.

இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். இது கொரோனா கண்டுபிடிக்கிற மிஷின் இல்ல. தொத்து வந்து பல நாள் வரைக்கும், நிறைய பேருக்குக் கடைசி வரைக்குமே, 98 காட்டலாம். அந்த 98ஓட ஊரெல்லாம் பரப்பிட்டும் இருக்கலாம். கடை வாசல்ல நெத்திக்கு நேரா காய்ச்சல் பார்க்கற துப்பாக்கியை நீட்டி 94 டிகிரின்னு உள்ளே விட்டாங்களே, அந்தக் கதைதான் இதுவும். வாசல்ல அளக்கறதை விட ஜன்னலைத் தொறந்து வைக்கிறதும், மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்தறதும், அப்ப கோவிஷீல்டுக்கு இருந்த 84 நாள் கணக்குப் பார்த்து ரெண்டாவது ஊசி போடறதும் பிரயோஜனம். அம்மாகிட்ட சொன்னேன். "அதுவும் பண்ணு, இதுவும் பண்ணு"ன்னுட்டாங்க.

பட்டறைக்கும் ஒரு வாரம் எடுத்துட்டுப் போனேன். எங்ககிட்ட 22 வருஷமா இருக்கற அண்ணனுக்குக் கையைப் பார்த்தாலே தெரியும், லேத் ஆளுன்னு. விரல் நுனி தோல் காய்ச்சுப்போய்க் கல்லு மாதிரி இருக்கும், நகத்துக்குள்ள கிரீஸ். முதல்ல நம்பரே வரலை, வெறும் கோடு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு சுண்டுவிரல்ல மாட்டினா வந்துச்சு. தோல் தடிப்பு, தோல் கறுப்பு, நகப்பாலீஷ், சில்லுன்னு இருக்கற கை இதெல்லாம் அளவைத் தடுமாற வைக்கும்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2021 பிப்ரவரியிலயே எச்சரிக்கை விட்டிருக்கு. கறுத்த தோலுக்கு நிஜத்தை விடக் கூட்டிக் காட்டிடுதாம் சில சமயம். நம்ம ஊர்ல பாதிப் பேரு அந்த நிறம்தானே, பெட்டியில ஒரு வரி போட்டா என்ன?

அண்ணனுக்கு 98. அவரு ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. "பார்த்தீங்களா தம்பி, பீடி ஒண்ணும் பண்ணாது"ன்னு ஊருக்கே அறிக்கை விட்டாரு. டாக்டர்கிட்ட கேட்டேன். பீடிப் புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஒட்டினா, அதையும் இந்தக் கிளிப் ஆக்ஸிஜன்னு நினைச்சுக்கும்னார். அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். ஒரு நாள் பூரா எங்கிட்ட பேசலை.

பென்சில் சோதனையும் பண்ணேன், விரலுக்குப் பதிலா பென்சிலை மாட்டி நம்பர் வந்தா போலின்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சே, அது. மச்சான் ஆன்லைன்ல 399க்கு வாங்கினது பென்சிலுக்கு 97 காட்டுச்சு. என்னோடது அசையாம பிடிச்சா கோடு, கொஞ்சம் ஆட்டினா ஒரு விநாடி 88. நல்ல சாமானுமே ஆடுற வெளிச்சத்தை நாடின்னு ஏமாந்து போகலாமாம், அதனால இதை மட்டும் வச்சுப் போலின்னு சொல்லிட முடியாது. நல்லா இருக்கற மூணு பேருக்குப் போட்டுப் பாருங்க. நாடி எண்ணிக்கையைக் கடிகாரம் வச்சு மணிக்கட்டுல நீங்களே எண்ணி ஒத்துப் பாருங்க. நான் அப்படித்தான் ஜீரோ எரர் பார்த்தேன். மச்சானோடது நாடியிலயே இருபது தள்ளி நின்னுச்சு.

சில்லறைக் குறைகள்: பேட்டரி மூடி அட்டை மாதிரி மெல்லிசு, கொக்கி ஒடிஞ்சு இப்ப செலோ டேப்புல நிக்குது. பீப் சத்தத்தை நிறுத்த வழியில்ல, தூங்கறவங்களுக்கு மாட்டினா எந்திரிச்சுக்குவாங்க. சானிடைசரை நேரா ஊத்தித் துடைச்சேன், உள் ரப்பர் பிசுபிசுன்னு ஆயிருச்சு. பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஒத்தி எடுக்கணும், தப்பு என்னோடது.

அஞ்சுக்கு மூணரை கொடுக்கறேன். 950க்கு வாங்கியிருந்தா நாலு.

செல் வேற தின்னும். டிவி ரிமோட்டுக்குப் போடற அதே செல் ரெண்டு. ஜூன் பூரா கடை இல்லாததால ரிமோட்ல இருந்து கழட்டி இதுல போட்டிருந்தோம், அம்மா எந்திரிச்சுப் போய் டிவியிலயே பட்டனை அமுக்கி சேனல் மாத்திட்டு இருந்தாங்க. முந்தாநாள் சாயந்தரம் வண்டியை நிறுத்தினேன், கேட்டுல ஆளைக் காணோம். உள்ளே போனா சீரியல் ஓடுது, சத்தம் கூடுது, குறையுது. மேஜை மேல ஆக்ஸிமீட்டர் வயித்தைத் தொறந்து காலியாக் கிடந்துச்சு.