எது ‘அசாதாரண’ மழை? கட்டுமான ஒப்பந்தங்கள் வரையும் எல்லைக்கோடுகள்

மழையால் கட்டுமான வேலை நின்றுபோகும்போது இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு, பெரும்பாலான மாதிரி ஒப்பந்தங்கள் ஒரே அடிப்படையிலிருந்துதான் தொடங்குகின்றன: வழக்கமான மழை ஒப்பந்ததாரரின் பொறுப்பு, வழக்கத்தை மீறிய மழைக்குக் கால நீட்டிப்பு உண்டு. வழக்கம் எங்கே முடிகிறது, அந்தக் கோட்டை வரைபவர் யார், வேலை தொடங்கும் முன்பே வரைகிறார்களா அல்லது வெள்ளம் வடிந்த பிறகு வரைகிறார்களா என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் ஐந்தாம் பிரிவு, வேலை தாமதமாவதற்கு ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக ‘அசாதாரணமாக மோசமான வானிலை’ என்பதைச் சேர்த்துள்ளது. எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அசாதாரணம் என்று அது சொல்வதில்லை. நிகழ்வு நடந்த 14 நாட்களுக்குள் உரிய படிவத்தில் ஒப்பந்ததாரர் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் வேலைத்தளத்தின் தடைப் பதிவேட்டில் (ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்) உள்ள பதிவுகளையும் அதிகாரியின் முடிவையும் பொறுத்தே எல்லாம் அமையும். அன்றாடம் இரு தரப்பும் கையெழுத்திட்ட பதிவேடு இருந்தால் இந்த முறை ஓரளவு நியாயமாகவே இயங்கும். பதிவேட்டை ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து நிரப்பும் இடங்களில் அது வெறும் பேரமாகச் சுருங்கிவிடும்.

பிரிட்டனில் கட்டடப் பணிகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஜேசிடி ஒப்பந்தமும் ‘விதிவிலக்கான பாதகமான வானிலை’ என்ற சொற்றொடரோடு நின்றுகொள்கிறது. அது காலம் தரும், பணம் தராது. திட்டமிட்ட நாளில் நிலவிய வானிலையைப் பார்க்காமல், வேலை உண்மையில் நடந்த நாளில் நிலவிய வானிலையைத்தான் பார்க்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டு ஆங்கிலேய நீதிமன்றம் ஒன்று தெளிவுபடுத்தியது மட்டுமே இங்கே குறிப்பிடத்தக்கது.

பன்னாட்டுப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் சிவப்பு நூல் என்ற மாதிரி ஒப்பந்தத்தில் 1999க்கும் 2017க்கும் இடையே ஒரு முக்கியமான நகர்வு நடந்திருக்கிறது. 1999 பதிப்பு ‘விதிவிலக்கான பாதகமான தட்பவெப்ப நிலை’ என்று மட்டும் சொல்லி, விளக்கத்தைப் பொறியாளரிடமே விட்டுவிட்டது. 2017 பதிப்போ, வேலைத்தளத்தில் நிலவிய பாதகமான நிலை, வேலை தருபவர் கொடுத்த தரவுகளையோ அந்த இடத்துக்காக அந்நாட்டில் வெளியிடப்பட்ட தட்பவெப்பத் தரவுகளையோ வைத்துப் பார்த்தால் முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இது முன்னேற்றம்தான், ஆயினும், எந்தத் தரவு, எத்தனை ஆண்டுத் தரவு, எவ்வளவு அரிதாக இருந்தால் போதும் என்ற மூன்று கேள்விகளும் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அதே கூட்டமைப்பின் வெள்ளி நூலில், அதாவது மொத்தப் பொறுப்பையும் ஒப்பந்ததாரரே ஏற்கும் ஒப்பந்தத்தில், இந்தக் காரணமே இடம்பெறவில்லை என்பதைக் கையெழுத்திட்ட பிறகு கண்டுபிடிப்பவர்களை நினைத்து எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பிரிட்டனில் உருவான மற்றொரு மாதிரி ஒப்பந்தமான என்ஈசி4 இந்தக் கேள்விகளை டெண்டர் கட்டத்திலேயே முடித்துவைக்கப் பார்க்கிறது. வானிலை அளக்கப்படும் இடத்தையும், ஒப்பிட வேண்டிய பழைய பதிவுகளையும் ஒப்பந்தத் தரவிலேயே குறித்துவிடுகிறார்கள். மாத மொத்த மழையளவு, 5 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்த நாட்களின் எண்ணிக்கை போன்ற அளவுகளுள் ஏதேனும் ஒன்று, சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறையைவிட அரிதாக நிகழக்கூடியது என்று பதிவுகள் காட்டினால், ஒப்பந்ததாரருக்குக் காலமும் பணமும் சேர்த்தே கிடைக்கும். பத்தாண்டு அளவுக்கும் உண்மையில் பெய்த அளவுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் மட்டுமே கணக்கில் வரும். அதற்குக் கீழே பெய்ததெல்லாம் விலையிலும் வேலைத் திட்டத்திலும் ஏற்கெனவே அடங்கியதாகக் கொள்ளப்படும்.

இந்த முறையைச் சென்னையின் மழையில் வைத்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். 2015 நவம்பரில் சென்னையில் பதிவான மழை 1,049 மில்லிமீட்டர். 1918க்குப் பிறகு எந்த நவம்பரிலும் இவ்வளவு பெய்ததில்லை. இப்படிப்பட்ட மாதத்தில் வாதத்துக்கே இடமில்லை, எண்ணே பேசிவிடும். ஆனால் புயல்மழை நாட்காட்டியைப் பார்த்துப் பெய்வதில்லை: அக்டோபர் கடைசி இரண்டு நாளும் நவம்பர் முதல் இரண்டு நாளும் கொட்டிய மழை இரண்டு மாதக் கணக்குகளாகப் பிளக்கப்பட்டு, இரண்டிலுமே எல்லையைத் தொடாமல் போகலாம். இடமும் சிக்கலானது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானபோது, அருகிலுள்ள திருச்செந்தூரில் 69 செ.மீ. பதிவானது. குறிக்கப்பட்ட மழைமானி தொலைவில் இருந்தால், தளம் மூழ்கியிருக்கும்போதே ஏடு இயல்பு என்று சொல்லக்கூடும்.

வெள்ளம் வேறிடத்து மழையால் வரும்போது நிலைமை இன்னும் மோசம். அடையாற்றங்கரையில் அஸ்திவாரக் குழி தோண்டியவருக்கு, தன் தளத்தில் பெய்த மழையைவிட மேலே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்படும் நீரே பெரிய ஆபத்து. மழைமானிக் கணக்கு அதற்கு உதவாது. யாராலும் தடுக்க முடியாத, நிகழ வாய்ப்பு மிகக் குறைவான நிகழ்வுக்கான தனிப் பிரிவைத்தான் அவர் நாட வேண்டியிருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை ஃபிடிக்கின் நிலைப்பாடு நுணுக்கமானது. புயல் போன்ற இயற்கைப் பேரிடருக்கு அது கால நீட்டிப்புத் தரும். முடங்கிக் கிடந்த ஆட்களுக்கும் இயந்திரங்களுக்கும் அந்தப் பிரிவின் கீழ் செலவு தராது. ஆனால் 1999 பதிப்பில், அனுபவமுள்ள ஒப்பந்ததாரரும் தற்காத்துக்கொண்டிருக்க முடியாத இயற்கைச் சக்தியால் கட்டிய பகுதி சேதமடைந்தால், அதைச் சரிசெய்யும் செலவு வேலை தருபவரைச் சேரும். ஒரே புயல், இரண்டு விடைகள். இதைப் பிரித்தறியாமல் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கோருபவர்கள் இரண்டையும் இழக்க நேரிடலாம். பேரிடர் அறிவிப்புக்கு 14 நாள், பொதுவான கோரிக்கைக்கு 28 நாள் என்று கெடுவும் இரண்டாக ஓடுகிறது. என்ஈசியில் அது எட்டு வாரம்.

பருவமழைப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு நான் எண்ணால் வரையப்பட்ட கோட்டையே பரிந்துரைப்பேன். ஃபிடிக்கோ அரசு ஒப்பந்தமோ எதுவானாலும், சிறப்பு நிபந்தனைகளில் அதைச் சேர்க்க முடியும். சேர்க்கும்போது மாத அளவோடு, தொடர்ந்து மூன்று நாள் மழையளவு என்ற இரண்டாவது அளவுகோலையும் வைத்தால் மாத எல்லைச் சிக்கல் பெருமளவு தீரும். வேலைத்தளத்திலேயே ஒரு மழைமானியைப் பொருத்தி, அதன் பதிவை இரு தரப்பும் தினமும் காலை 8.30 மணிக்குக் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். பழைய பதிவுகளுக்கு மட்டும் அருகிலுள்ள வானிலை நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆற்றங்கரைத் தளங்களுக்கு மழையளவோடு நிற்காமல், ஆற்றின் நீர்மட்டத்தையும் மீட்டரில் குறித்து, அதற்கு மேல் உயர்ந்தால் வேலை தருபவரின் பொறுப்பு என்று எழுதிவைக்க வேண்டும்.