டிஎல் மெத்தியோனின் தூள்: விலையைத் திட்டும் முன் மிக்சரைப் பாருங்கள்

கோழித் தீவனத்தில் சேர்க்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் விலை ஏறும்போதெல்லாம் அதே கேள்வி வந்து நிற்கிறது: "பாதியைக் குறைத்துவிட்டுக் கந்தகம் போட்டால் ஆகாதா? ரெண்டிலும் சல்ஃபர்தானே?"

ஆகாது. மாட்டுக்கு அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். அதன் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டை எடுத்து மெத்தியோனினாகக் கட்டும், மாடு அவற்றைச் செரித்துக்கொள்ளும். கோழிக்கு அந்த வயிறு இல்லை. நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பது குடலின் கடைசியில். அங்கே எதைக் கட்டினாலும் உறிஞ்சும் இடம் தாண்டிப் போயிருக்கும். கோழி மெத்தியோனினிலிருந்து சிஸ்டீன் என்ற இன்னொரு கந்தக அமினோ அமிலத்தைச் செய்யும், கந்தகத்திலிருந்து மெத்தியோனின் செய்யாது.

சோடியம் சல்ஃபேட் போடுவது வேறு காரணத்துக்கு. தீவனத்தில் சேரும் இன்னொரு அமினோ அமிலமான லைசின் ஹைட்ரோகுளோரைடில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குளோரைடு. அதோடு உப்பையும் முழு அளவில் போட்டால் குளோரைடு கூடிவிடும். உப்பைக் கொஞ்சம் குறைத்து, சோடியத்தைச் சல்ஃபேட்டாகவோ சோடா உப்பாகவோ கொடுக்கலாம். அதுவும் மிஞ்சினால் எச்சம் இளகி, ஷெட்டில் கீழே விரித்த மஞ்சி ஈரமாகும்.

பல்லடம், உடுமலைப் பக்கம் கம்பெனிக் கோழி வளர்ப்பவர்களுக்குத் தீவனம் மூட்டையாகவே இறங்கிவிடும். இது சொந்தமாக அரைத்துக் கலப்பவர்களுக்கு. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் மட்டும் உள்ள ஸ்டார்ட்டரில் (குஞ்சுக்கு முதலில் போடும் தீவனம்) மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்த்து 0.7 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். இன்றைய கறிக்கோழி ரகங்கள் முதல் 10 நாளில் கேட்பது 1 சதவீதம் போல. இடைவெளி 0.3, அதாவது டன்னுக்கு 3 கிலோ. 25 கிலோ மூட்டை எட்டு டன் தாண்டும். பொருளில் குறையே சொல்ல முடியாது: 99 சதவீதம் சுத்தம், வருடக்கணக்கில் கெடாது, போட்ட பேட்சில் இறகும் நெஞ்சுக்கறியும் சொல்லும்.

எரிச்சல் அந்த 3 கிலோவை அளக்கும் விதத்தில். முக்கால்வாசி ஷெட்டில் தராசு இருக்கும், ஆனால் மெத்தியோனினுக்கு மட்டும் பிளாஸ்டிக் மக்கு! நைஸ் தூளும் குருணைத் தூளும் ஒரே மக்கில் ஒரே எடை நிற்காது. கம்பெனி மாறியதும் டன்னுக்கு 300 கிராம் குறைந்தால், மூன்றாம் வாரம் முதுகு மொட்டையாக நிற்கும், தீனி கூடும், வயிற்றுக் கொழுப்பு ஏறும். பழி குஞ்சு மேல் விழும். பயந்து இரண்டு மடங்கு போடுவதும் ஆகாது. அமினோ அமிலங்களில் மிஞ்சினால் முதலில் வளர்ச்சியை அடிப்பது இதுதான்.

அடுத்தது கலக்கும் வரிசை. மெத்தியோனின், லைசின், திரியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் எடை போட்டு, 15–20 கிலோ மக்காச்சோள மாவில் தனியாகப் புரட்டிக்கொள்ள வேண்டும். மிக்சரில் பாதிச் சோளம் விழுந்த பிறகுதான் இதைக் கொட்டலாம். எண்ணெய் கடைசியில்; முன்னால் ஊற்றினால் தூள் அதில் சிக்கிக் கட்டிகட்டியாகும். நின்ற வாக்கில் இருக்கும் திருகு மிக்சர் என்றால் 15 நிமிடமாவது ஓடட்டும். அதன் வாய்ப்பக்கம் தேங்கும் தீவனம் கலக்கவே கலக்காது. முதலில் விழும் 10–20 கிலோவைப் பிடித்துத் திரும்ப மேலே போடுங்கள். இதைச் செய்யாமல் விலையைத் திட்டிப் பயனில்லை.

கலப்படச் சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையை எவர்சில்வர் கரண்டியில் சூடாக்குங்கள். வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கும் நாற்றம், கடைசியில் சாம்பல் ஏறக்குறைய இல்லை என்றால் சரி. வெள்ளைப் பொடி மிஞ்சினால் சுண்ணாம்போ உப்போ சேர்ந்திருக்கிறது. 1 கிராமை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் போட்டால் தெளிவாகக் கரைய வேண்டும். கலங்கினால் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலம் ஓடினால் மாவு.

தூளுக்குப் பதிலாக விற்கும் திரவ மெத்தியோனினில் 88 சதவீதம் என்று எழுதியிருக்கும். தூளுக்கு ஈடாக அதில் எவ்வளவு என்பதில் விற்பவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. 65 என்று ஒரு கட்சி, 88 என்று இன்னொரு கட்சி. கடும் அமிலம் வேறு. துருப்பிடிக்காத பம்பும் நாசிலும் இல்லாத சின்ன மிக்சருக்கு அது சரிப்படாது.

தூளுக்கு 5-க்கு 3. வெட்டிய இரண்டும் அதன் அழுகிய முட்டைக்கோஸ் வாடைக்கு: மூட்டை பிரித்த அன்று மூன்று முறை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது, சோற்றில் கை வைக்க முடியாது. அடுத்த மூட்டைக்குச் சொல்லியாகிவிட்டது.