எருசலேம் சபையா, அந்தியோகியா சபையா?

முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவ சபைகளில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எருசலேம் தாய்ச்சபை. பெந்தெகொஸ்தே நாளில் (சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பண்டிகை நாள்) சுமார் 3,000 பேர் சேர்ந்தார்கள். நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலர் (இயேசுவின் முதன்மைச் சீடர்கள்) பாதத்தில் வைத்தவர்களும் உண்டு. ஆனாலும் அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட, முணுமுணுப்பு எழுந்தது. பந்தியைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். (பந்தித் தகராறு அன்றும் இருந்திருக்கிறது!)

சிரியாவின் அந்தியோகியா நகரில் சபையைத் தொடங்கியவர்கள் அப்போஸ்தலர்கள் அல்லர். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவானின் கொலைக்குப் பின் எருசலேமிலிருந்து சிதறி ஓடிய சாதாரண விசுவாசிகள். அங்கே யூதரும் புறஜாதியாரும் (யூதரல்லாதவர்கள்) ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் அப்போஸ்தலர் பேதுரு அந்தப் பந்தியிலிருந்து மெல்ல விலக, அந்தியோகியாவில் போதித்துவந்த பவுல் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். பஞ்சத்தில் யூதேயாவுக்கு உதவி அனுப்பியதும் இச்சபையே.

புறஜாதி விசுவாசிகளும் விருத்தசேதனம் (நுனித்தோல் அகற்றும் யூதச் சடங்கு) செய்ய வேண்டுமா என்ற வழக்கு மட்டும் கி.பி. 49 வாக்கில் எருசலேமுக்குத்தான் போனது. அதிகாரம் அங்கே. வளர்ச்சி என்றால் என் ஓட்டு அந்தியோகியாவுக்கு. தன் போதகர்களான பர்னபாவையும் பவுலையும் நற்செய்தி சொல்ல சைப்ரஸுக்கு அனுப்பிவைத்தது அதுதானே.