மின்சைக்கிள் பற்றரியின் தேய்வை அறிவது: கைத்தொலைபேசிச் செயலியா, சுவர் மின்மானியா?

2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளில் நின்று அலுத்துப்போய் வாங்கிய மின்சைக்கிளில்தான் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு இன்றும் வேலைக்குப் போய் வருகிறேன். அதன் லித்தியம் பற்றரி 48 வோல்ற்று, 10 அம்பியர்-மணி கொண்டது. கணக்குப்படி 480 வாற்று-மணி. சைக்கிளின் விலையில் பெரும்பங்கு பற்றரிக்கே போவதால், அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத் தொடர்ந்து அறிய முதலில் புளூடூத் செயலியை நம்பினேன். பின்னர், சார்ஜர் இழுக்கும் மின்சாரத்தை அளக்கும் சுவர் மின்மானிக்கு மாறினேன். இப்போது என் சாய்வு மின்மானியின் பக்கமே.

ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று குறித்து வைப்பது மூன்றாவது வழி. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மரைன் டிரைவ் வழியாக வீடு திரும்பியவர்களுக்கு அந்தக் கணக்கின் நிலையாமையை விளக்க வேண்டியதில்லை. ரயரில் காற்று குறைந்தாலும் பையில் சுமை கூடினாலும் எண் மாறிவிடும். கடையில் கொடுத்து, சுமை ஏற்றிப் பற்றரியை முழுதாக இறக்கி அளப்பது இவை எல்லாவற்றிலும் திருத்தமானது. ஆனால் பல மணிநேரம் பற்றரியை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்பதால் அதை மாதந்தோறும் செய்ய முடியாது.

செயலியின் சிறப்பை மறைக்க விரும்பவில்லை. பற்றரிக்குள் தொடராக இணைந்திருக்கும் 13 கலத் தொகுதிகளின் வோல்ற்றளவையும் அது தனித்தனியே காட்டுகிறது. ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்துகொண்டே போனால் அதை வெளியிலிருந்து வேறு எந்த வழியிலும் எளிதில் காணமுடியாது. அதற்காக இன்றும் மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கிறேன்.

என் மனக்குறை, அது பெரிய எழுத்தில் காட்டும் ‘ஆரோக்கியம்’ என்ற சதவீதத்தைப் பற்றியது. பற்றரியைக் கண்காணித்துப் பாதுகாக்கும் மின்னணுப் பலகையான காவல் சுற்று, உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கின் அடிப்படை, தொழிற்சாலையில் யாரோ பதிந்துவிட்ட கொள்ளளவு. முழு நிரப்பலிலிருந்து முழு இறக்கம் வரை ஒரே மூச்சில் ஓடினால்தான் அந்த எண்ணைத் திருத்திக்கொள்ள அதற்கு வாய்ப்புக் கிடைக்கும். நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி இரவில் சார்ஜ் போடும் என்னைப் போன்றவர்கள் அப்படி ஓடுவதில்லை. சில காவல் சுற்றுகள் சார்ஜ் செய்த தடவைகளை எண்ணியே சதவீதத்தைக் குறைக்கின்றன. என் செயலி மூன்றாண்டுகளுக்குப் பின்னும் 98 என்றே காட்டியது. அதற்கிடையில் கைத்தொலைபேசியை மாற்றியபோது பழைய பதிவுகள் அனைத்தும் போயின.

சுவர் மின்மானி என்பது பிளக்கிற்கும் சார்ஜருக்கும் இடையே செருகும் சிறு கருவி. எத்தனை அலகு (ஓர் அலகு 1000 வாற்று-மணி) மின்சாரம் போனது என்பதை மட்டும் காட்டும். என்னுடையதைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். செய்முறை எளிது, ஆனால் ஒவ்வொரு முறையும் மாறாமல் செய்ய வேண்டும். பற்றரி 44 வோல்ற்றுக்கு இறங்கும் வரை ஓடுகிறேன். அரைமணி நேரம் ஆறவிட்டு, அப்போதும் அளவு அதுதானா என்று பார்க்கிறேன், ஏனெனில் ஓடும்போது வோல்ற்றளவு தற்காலிகமாகத் தாழ்ந்திருக்கும். பிறகு 54.6 வோல்ற்று வரை நிரப்பி, பச்சை விளக்கு எரிந்து அரைமணி நேரம் கழித்துக் கழற்றி, அலகைச் சீஆர் கொப்பியில் எழுதுகிறேன். 44ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இவ்வகைக் கலங்களில் நடுப்பகுதியின் வோல்ற்றளவு மெதுவாகவே இறங்குவதால், 48இல் தொடங்கினால் அரை வோல்ற்றுப் பிழைகூடக் கணக்கைப் பெரிதாகக் கெடுத்துவிடும்; அடிப்பகுதியில் அது செங்குத்தாக விழுவதால் அதே பிழை சிறிதாகிவிடுகிறது.

முதல் அளவு 0.50 அலகு. சார்ஜர் வெப்பமாக வீணாக்கும் பங்கும் இதில் அடங்கும். ஆகவே இந்த எண்ணைப் பற்றரியின் கொள்ளளவு என்று எண்ணிவிடக் கூடாது. எனக்கு வேண்டியது ஒப்பீடு மட்டுமே. வீணாகும் பங்கு ஏறக்குறைய மாறாமலிருக்கும் வரை ஒப்பீடு செல்லும். அண்மையில் எழுதியது 0.43, ஏறத்தாழ 14 சதவீதத் தேய்வு. செயலி சொன்ன இரண்டு சதவீதத்தைவிட இதுவே என் கால்கள் உணர்ந்ததோடு ஒத்துப்போகிறது. கொழும்பில் இன்னொரு வசதியும் உண்டு: குளிரில் பற்றரி குறைவாகவே கொடுக்கும் என்பதால் குளிர்நாட்டவர் பருவத்திற்குப் பருவம் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும்; இங்கே ஜனவரியையும் ஜூலையையும் நேராக ஒப்பிடலாம். அதே வெப்பம்தான் பற்றரியை விரைவாக முதுமையாக்குகிறது என்பது வேறு கதை.

குறைகளும் உள்ளன. ஒருமுறை என் சார்ஜர் பழுதாகி வேறொன்று வாங்கியபோது அலகு திடீரென 0.02 கூடியது, பற்றரி இளமையடைந்துவிட்டதோ என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். புதிய சார்ஜர் அதிகம் வீணாக்குகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த 0.02ஐக் கழித்தே எழுதுகிறேன். அது மதிப்பீடுதான், அளவீடன்று. என் மலிவான மின்மானியோ மின்வெட்டு வந்தால் எண்ணை மறந்துவிடும்.

விற்பனை என்று வரும்போது கொப்பியின் பயன் தனியாகத் தெரிகிறது. பக்கத்து மாடியில் இருக்கும் தம்பி ஒருவர் இதை வாங்கக் கேட்டார். செயலியைக் காட்டினேன், “அண்ணா, அது எல்லாருக்கும் நூறுதானே காட்டும்” என்றார். கொப்பியைத் திறந்ததும் திகதிவாரியாக இறங்கிவந்த எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வாசித்துவிட்டு, விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னும் விற்கவில்லை, 0.40 வந்தாலும், அதாவது பற்றரியை மாற்றும் காலம் என்று வழக்கமாகச் சொல்லும் 80 சதவீத எல்லையைத் தொட்டாலும், என் அன்றாடத் தூரத்திற்கு அது தாராளம்.

இவையெல்லாம் ஒரே ஒரு பற்றரியிலிருந்து கற்றவை. லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று என்ற வேறு வகைக் கலங்கள் உள்ளவர்கள் 44 வோல்ற்று முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றின் வோல்ற்றளவு பெரும்பகுதிக்குத் தட்டையாகவே நிற்பதுடன், தொடராக இணையும் கலங்களின் எண்ணிக்கையும் வேறு. தொடக்கப் புள்ளியை எப்படி நிலைநிறுத்துவது என்று அவர்கள் தங்கள் பற்றரியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.