ஐஎஸ்ஓ எழுத டிவிடி-ஆரா, டிவிடி-ஆர்டபிள்யூவா?

கோபி மாமா கல்யாண வீடியோவின் ஐஎஸ்ஓ கோப்போடு (முழு டிஸ்க்கின் நகலும் ஒரே கோப்பில்) வந்தார். "ஏங்கண்ணு, எந்த டிஸ்க் வாங்கறது?"

கொள்ளளவு: இரண்டும் 4.7 ஜிபி. விண்டோஸ் கணக்கிடும் முறை வேறு, அதில் 4.38 என்றுதான் தெரியும்.

விலை: ஆர் மலிவு. ஆர்டபிள்யூ கூடுதல், ஆனால் சுமார் 1000 முறை அழித்து எழுதலாம்.

உழைப்பு: ஆரில் லேசர் சாயப் படலத்தைச் சுட்டு எழுதுகிறது, ஒரே தடவைதான். ஜன்னல் வெயில் பட்டால் சாயம் கெட்டுவிடும், பீரோவில் வையுங்கள். ஆர்டபிள்யூவில் இருப்பது உலோகக் கலவை. பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்கத் திணறும்.

எழுதுவது: இரண்டுக்கும் ஒன்றே. விண்டோஸ் 7 முதல் கோப்பின்மேல் வலது கிளிக் போதும். வெறுமனே காப்பி செய்தால் ஐஎஸ்ஓ ஒற்றைக் கோப்பாகவே கிடக்கும், படம் ஓடாது.

ஐஎஸ்ஓவாகக் கிடைக்கும் லினக்ஸை (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பவருக்கு ஆர்டபிள்யூ. மாமாவுக்கு ஆரில் இரண்டு பிரதி எழுதி, சரிபார்த்தே கொடுத்தேன்.